அடுப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்

2025 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு நாள் முன்னேஸ்வரத்தில் மாதர் சங்கக் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தோம். கடன் தவணை பற்றிப் பேசத் தொடங்கிய கூட்டம் அடுப்பங்கரையில் வந்து நின்றது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் தாயொருவர் எழுந்தார். "சுவாமி, காஸ் விலைக்குப் பயந்து ரைஸ் குக்கர் வாங்கினேன். இப்ப கரண்ட் பில் ரெண்டு மடங்குக்கு மேல வருது. எதை விட்டு எதைப் பிடிக்கிறது?" என்று கேட்டார்.

உடனே சொல்ல நம்மிடம் விடை இருக்கவில்லை. அவருடைய மின்பட்டியல்களை எடுத்துவரச் சொல்லி, எல்லோருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

நாம் பட்ட பாடு

2021 ஒக்டோபரில் எரிவாயுவின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2,675 ரூபாயானது. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபாயை எட்டியது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின் கட்டணமும் பெரிதாக ஏறியது. எரிவாயு கப்பலில் வருகிறது. நம் மாவட்டத்து நுரைச்சோலை மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியும் கப்பலில்தான் வருகிறது. டொலர் தட்டுப்பட்டால் இரண்டும் தட்டுப்படும். விலை நம் கையில் இல்லை. எவ்வளவு பாவிக்கிறோம் என்பதை அறிவது நம் கையில் இருக்கிறது.

முதலில் அளந்து பார்ப்போம்

"உங்கள் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கூட்டத்தில் கேட்டோம். "ஒரு மாதம், ஒன்றரை மாதம்" என்றார்கள். உறுதியாகச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. புதிய சிலிண்டரைப் பொருத்தும் நாளைச் சுவர்க் கலண்டரில் குறியுங்கள். தீரும் நாளையும் குறியுங்கள். 12.5 கிலோ 40 நாள் வந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 310 கிராம். இடையில் எவ்வளவு மீதி என்று அறிய வேண்டுமானால் சிலிண்டரைத் தராசில் நிறுத்து, அதன்மேல் பொறித்திருக்கும் வெற்று நிறையைக் கழித்தால் போதும்.

மின்சாரத்துக்கும் அப்படியே. ஞாயிறுதோறும் மானியைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு வாரத்து எண்ணிலிருந்து முந்தின வாரத்து எண்ணைக் கழித்தால் அந்த வாரத்து அலகு வந்துவிடும்.

அறுபதாவது அலகு

அந்தத் தாயின் வீட்டில் குக்கர் வருமுன் மாதம் 50 அலகு. குக்கர் 500 வாற்று. ஒரு முறை சோறு வேக அரை மணி நேரம், அதாவது கால் அலகு. நாளைக்கு இரு முறை என்றால் மாதம் 15 அலகு. ஆக 65.

2025 ஜனவரியில் வந்த கட்டணப்படி, 60 அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு முதல் 30 அலகும் 4 ரூபாய் வீதம், அடுத்த 30 அலகு 6 ரூபாய் வீதம். 60ஐத் தாண்டினால் அந்த மலிவு விலையே இல்லாமற் போகும். முதல் 60 அலகும் 11 ரூபாய் வீதம், அதற்கு மேல் 14 ரூபாய் வீதம். எனவே 50 அலகுக்கு 240 ரூபாய். 65 அலகுக்கு 730 ரூபாய். மாதாந்த நிலைக் கட்டணம் ஏறுவது வேறு. மேலதிகமாகப் பாவித்த 15 அலகுக்கு அவர் கொடுத்த விலை 490 ரூபாய்!

அப்படியானால் குக்கரைத் தூக்கிப் போடுவதா? இல்லை. நாளைக்கு ஒரு முறை மட்டும் குக்கரில் சமைத்தால் 57.5 அலகு. அதற்குக் கூடுவது 45 ரூபாய்தான். இரண்டாவது சோற்றுக்குத்தான் 445 ரூபாய் போகிறது.

இதை எரிவாயுவோடு ஒப்பிட்டோம். ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 13 அலகு வெப்பம் உண்டு. சாதாரண அடுப்பில் அதில் பாதியளவே பானைக்குப் போகிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ தேவை. அன்று சிலிண்டர் 3,690 ரூபாய், ஆகவே கிலோ 295 ரூபாய். ஒரு வேளைக்குக் குக்கர் மலிவு, மறு வேளைக்கு எரிவாயு மலிவு. இரண்டையும் வைத்துக்கொள்வதே அவருக்கு இலாபம். முழுச் சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றினாலோ, ஒரு சிலிண்டரின் வேலைக்கு ஏறத்தாழ நூறு அலகு வேண்டும். பட்டியல் பல படிகள் ஏறிவிடும்.

இந்த விலைகள் பின்னர் மாறியிருக்கின்றன, இனியும் மாறும். கணக்குப் போடும் வழி மாறாது. உங்கள் புதிய பட்டியலில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். 60 அலகு என்பது 30 நாளுக்கான வரம்பு. பட்டியலில் எத்தனை நாள் என்று பார்த்து, நாளொன்றுக்கு இரண்டு அலகு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விறகு இலவசமா?

தென்னை முக்கோணத்தில் வாழும் நமக்கு ஓலை, மட்டை, பாளை, சிரட்டை என்று விறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொறுக்கும் நேரத்தையும் ஊதி ஊதிக் கண் எரிவதையும் யார் கணக்கில் எழுதுகிறார்கள்? அந்தச் செலவைப் பெரும்பாலும் தாயும் மகளுமே தம் உடலால் கட்டுகிறார்கள். மூன்று கல் அடுப்பில் பெரும்பகுதி வெப்பம் காற்றோடு போகிறது. 1980களிலிருந்து நம் நாட்டில் பரவிய 'அனகி' களிமண் அடுப்பில் ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம், விறகும் குறையும். நெல் அவிப்பது, குளிக்க வெந்நீர் போடுவது போன்ற நீண்ட வேலைகளை அதில், காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொண்டால் சிலிண்டரின் ஆயுள் நீளும். சிரட்டைக்குக் கரிக்காரர் விலை கொடுப்பாரானால் எரிப்பதா விற்பதா என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு

மூன்று மாதம் இந்தக் கொப்பியை எழுதுங்கள். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கொப்பியை விரித்து வைத்து, யார் வீட்டில் எது ஏன் கூடியது என்று பேசுங்கள். கணவரும் பிள்ளைகளும் மானியைப் பார்க்கப் பழகட்டும். அடுப்புக் கணக்கு பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவைக்கும் சுமையல்ல.

நமக்குக் கேள்வி தந்த அந்தத் தாய் இப்போது இரவுச் சோற்றை மட்டும் குக்கரில் வைக்கிறார். "பில்லைக் கண்டு பயமில்லை சுவாமி, வருமுன்னமே எவ்வளவு வரும் எண்டு தெரியுது" என்றார்.