ஓவியத்தில் ஓர் ஊதுகருவி

ஆகஸ்டு 31ஆம் நாள் தேசிய தின அணிவகுப்பில், வாத்தியக் குழுவினர் சிலர் பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுவதைக் கண்டிருப்போம். அதுதான் டிராம்போன். இத்தாலிய மொழியில் 'பெரிய எக்காளம்' என்பது அதன் பொருள்.

நம் முன்னோர் ஊதிய கொம்பின் நீளம் மாறாது. டிராம்போனிலோ ஒரு குழாயின்மேல் மற்றொரு குழாய் வழுக்கி ஓடும். குழாய் நீண்டால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும்.

இதை முதலில் செய்தவர் யார்? பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆண்டு பொறித்து இன்றும் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது, ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் எராஸ்மஸ் ஷ்னிட்சர் 1551இல் செய்தது. ஆனால், 1488க்கும் 1493க்கும் இடையில் ஃபிலிப்பினோ லிப்பி ரோம் நகரத் தேவாலயச் சுவரில் தீட்டிய ஓவியத்திலேயே வானதூதர் ஒருவர் இதை ஊதுகிறார்! வானதூதர் ஓவியரின் கற்பனை. கையிலுள்ள கருவியோ அவர் கண்ணால் கண்டது. ஆகவே, அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்திய சாட்சி நமக்குக் கிடைக்கிறது.

இந்தியாவிலும் அப்படியே. சாஞ்சித் தூபியின் வடக்கு வாயிலில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்பத்தில், விலங்குத் தலை கொண்ட ஊதுகொம்புகளைக் காண்கிறோம்.

டெங்கிலுக்கு அருகே பிராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. தோட்டத்துத் திருவிழாக்களில் நாதசுவரம் ஊதியவர் யார்? தப்பு அடித்தவர் யார்? நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய நிழற்படங்களே அதற்குச் சாட்சி. பெரியவர்களைக் கேட்டு, படத்தின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் இன்றே எழுதி வைப்போம்.