மூடி வைத்த வண்டிக்குள் பூத்த பூசணம்

குமரி மாவட்டத்தார்க்கு மழை புதிதன்று. தமிழகத்தின் பிற பகுதியினர் ஐப்பசியையும் கார்த்திகையையும் எதிர்நோக்கி வானத்தைப் பார்த்திருக்கையில், நமக்கு ஆனி ஆடியிலேயே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. அது ஓய்ந்து துணிகள் உலர்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிறது. அலமாரியில் மடித்து வைத்த பட்டுச்சேலையும், ஆணியில் தொங்கும் தோல்பையும் பூசணம் பூப்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டியை விட்ட சிறுமியைக் கடிந்துகொள்ளாத தாய் நம்மிடையே இல்லை. ஆயினும், வாசலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளும் அதே பூசணம் பூக்கும் என்பதை நாம் ஒரு துன்பத்திற்குப் பின்னரே கற்றுக்கொண்டோம்.

அந்தக் கார் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் நம் இளவலுடையது. அவர் விடுமுறைக்கு வரும்போது ஓடும். மற்ற மாதங்களில் ஞாயிறு திருப்பலிக்கும் மருத்துவமனைக்குமாக எப்போதேனும் ஓடும். 2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் முழு ஊரடங்கு வந்தது. கண்ணாடிகளை இறுக ஏற்றிவிட்டு, நெகிழித் துணியால் ஆன உறையையும் போர்த்தி, பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். மிகவும் பத்திரமாக வைத்துவிட்டதாகவே எண்ணினோம்!

ஜூலையில் மூத்த தமக்கையாரை நாகர்கோவிலுக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அவர் நெடுங்காலமாக இளைப்பு நோய் உடையவர். கதவைத் திறந்தபோது ஈரச் சாக்கின் நாற்றம் முகத்தில் அடித்தது. ஸ்டியரிங், இருக்கை, சீட் பெல்ட் ஆகிய எல்லாவற்றின்மீதும் சாம்பல் தூவியது போன்ற வெண்மை. காலடி விரிப்பில் மட்டும் கருமை. நேரமாகிவிட்டதே என்று, உலர்ந்த துணியால் தட்டித் துடைத்து, வாசனைத் திரவத்தைத் தெளித்து, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். ஆறேழு கிலோமீட்டர் செல்வதற்குள் தமக்கையார் இருமத் தொடங்கினார். பின்னர் மூச்சு இழுத்தது. சாலையோரம் இறக்கி, ஆட்டோ பிடித்து அழைத்துச் சென்றோம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “எதில் வந்தீர்கள்?” என்பதே.

செய்த தவறுகள் ஒவ்வொன்றாக விளங்கின. உலர்ந்த பூசணத்தைத் தட்டுவது, அதன் விதைத்தூளைக் காற்றில் வாரி இறைப்பதாகும். மூடிய காருக்குள் ஏ.சி. அதையே சுழற்றிச் சுழற்றி மூக்கில் ஏற்றும். வாசனைத் திரவம் நாற்றத்தை மறைக்குமேயன்றிப் பூசணத்தைக் கொல்லாது. இளைப்பு உடையவர்க்கு அதுவும் ஓர் இடர்.

அந்நாள்களில் கறுப்புப் பூஞ்சை நோய் பற்றிய அச்சம் எங்கும் பரவியிருந்தமையால், காலடி விரிப்பின் கருமையைக் கண்ட அண்டை வீட்டார் நடுங்கிவிட்டனர். மருத்துவர் அதைத் தெளிவாக்கினார். மியூகோர்மைகோசிஸ் எனும் அந்நோய் வேறொரு பூஞ்சைக் குடும்பத்தால் வருவது. கட்டுக்கடங்காத நீரிழிவு உடையவர்களையும், ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டு எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையும் தாக்குவது. காரில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அதுவன்று. நிறத்தைக் கொண்டு பூஞ்சையின் இனத்தைச் சொல்லவும் இயலாது. எனினும் இத்தகையோரும், இளைப்பு உடையோரும், குழந்தைகளும் பூசணம் பிடித்த வண்டியின் அருகே செல்லலாகாது. துப்புரவு செய்யும் பொறுப்பை வேறொருவர் ஏற்கவேண்டும் என்றார்.

பூசணத்திற்கு வேண்டுவன ஈரமும் சிறிதளவு உணவுமே. உணவு நாமே கொடுத்துவிடுகிறோம்: இருக்கையில் ஊறிய வியர்வை, குழந்தைகள் சிந்திய பிஸ்கட் துகள், காலில் ஒட்டிய மண். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டிற்கு மேல் நீடித்து நிற்பது அதற்கு வாய்ப்பு. நனைந்த பொருள் ஓரிரு நாளில் உலராவிடில் போதும். நம் வண்டியில் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? மெக்கானிக் முன் கண்ணாடியின் அடியில் கைவிட்டு, மக்கிய பலா இலைகளைப் பிடிபிடியாக அள்ளினார். மழைநீர் வடிய அங்கே துளைகள் உண்டு. அவை அடைபட்டதால் நீர் உள்ளே இறங்கியிருந்தது. விரிப்பைத் தூக்கியபோது அதன் அடியிலிருந்த கம்பளி போன்ற மெத்தையைப் பிழிந்தால் நீர் சொட்டியது. மேலே தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாது! ஏ.சி.யிலிருந்து நீர் வடியும் குழாய் அடைபட்டாலும் முன்னிருக்கையின் காலடியில் இவ்வாறே நீர் தேங்கும்.

வெயில் அடித்த நாளில் நான்கு கதவுகளையும் திறந்து வைத்தோம். துப்புரவு செய்தவர் என்95 முகக்கவசமும், கையுறையும், கண்ணாடியும் அணிந்தார். விரிப்புகளை வெளியே எடுத்து, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் பூசணத்தை ஒற்றி எடுத்தார். துணியை அடிக்கடி மாற்றினார். பிளாஸ்டிக் பகுதிகளை வெள்ளை வினிகரில் சம அளவு நீர் கலந்து துடைத்தார். சீட் பெல்ட்டை முழு நீளத்திற்கும் வெளியே இழுத்து, மென்மையான சோப்பு நீரால் மட்டும் கழுவி, நன்கு உலர்ந்தபின்னரே உள்ளே விட்டார். பிளீச்சிங் பவுடரை அதில் இட்டால் நூலின் வலிமை கெடும். விபத்தில் உயிர்காக்கும் பட்டை அது. இங்கே ஓர் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒருபோதும் கலத்தல் ஆகாது. குளோரின் எனும் நச்சுவாயு கிளம்பும்.

அடி மெத்தையைக் கழற்றி வெயிலில் காயவைத்தும் நாற்றம் நீங்காமையால், அந்தப் பகுதியை மாற்றிவிட்டோம். செலவைக் கண்டு இளவல் தொலைபேசியில் முணுமுணுத்தார். ஏ.சி.யின் காற்று வடிகட்டியையும் மாற்றினோம். அது பெரும்பாலான வண்டிகளில் முன்னால் இடப்புறப் பெட்டியின் பின்னே இருக்கும். பழைய வடிகட்டியைக் கண்டவர்கள், அதன் வழியே வந்த காற்றையா சுவாசித்தோம் என்று முகம் சுளித்தனர்.

வெளிநாட்டில் மகன் இருக்க, வாசலில் கார் நிற்கும் வீடுகள் நம் பங்குகளில் எத்தனையோ. தந்தையார் வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். பேட்டரிக்கு அது ஓரளவு உதவலாம். உள்ளே அடைபட்ட ஈரத்திற்கு அது போதாது. மழை இல்லாத நாளில் கதவுகளையெல்லாம் ஒரு மணி நேரம் திறந்து வைப்பதும், சிறிது தொலைவு ஓட்டி வருவதும் நலம். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக ஏ.சி.யை அணைத்து, காற்றாடியை மட்டும் சுழலவிட்டால் உட்பகுதி உலரும். நனைந்த குடையையும் செருப்பையும் உள்ளே விட்டுச் செல்லலாகாது. நெகிழி உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். கூரை இருந்தால் உறையே வேண்டா, இல்லாவிடில் காற்றுப் புகும் துணி உறை போதும். அடுப்புக்கரியை ஒரு துணிப்பையில் கட்டி வைப்பார் சிலர். நாற்றம் சற்றுக் குறையலாம். நீர் கசியும் வண்டிக்கு அது மருந்தாகாது.

பலாமரத்தடியிலிருந்து வண்டியை நகர்த்திவிட்டோம். தமக்கையாரோ இன்றும் கதவைத் திறந்து, ஒருமுறை மோந்து பார்த்த பின்னரே உள்ளே கால் வைக்கிறார்.