தாத்தாவின் ஆம்ப்ளிஃபயரும் கரகரத்த குமிழும்

எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் என்னைவிட மூத்த பொருள் ஒன்று உண்டு. தாத்தா 1970களின் இறுதியில் வாங்கிய ஜப்பானிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். வீட்டைப் புதுப்பிக்க முடிவெடுத்ததும் அம்மா தயாரித்த ‘தூக்கிப் போட வேண்டியவை’ பட்டியலில் அதற்கே முதலிடம். காரணம், ஒலியளவுக் குமிழ். திருப்பினாலே ‘கரகர’வென்று இரையும். சில இடங்களில் இடப்பக்க ஸ்பீக்கர் அடியோடு ஊமையாகிவிடும்.

“நீதானே எலெக்ட்ரிக்கல் படிக்கிறே, திறந்து பாரேன்,” என்றார் தாத்தா.

மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்க்கியூட் கணக்குகளில் நல்ல மதிப்பெண். ஆனால், அதுவரை எந்தச் சாதனத்தின் மூடியையும் கழற்றியதில்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் பொட்டென்ஷியோமீட்டர் பற்றிப் படித்திருப்பீர்கள். குமிழுக்குப் பின்னால் இருப்பது அதுவேதான். லாட வடிவில் வளைந்த கரிமப் பாதை, அதன்மேல் வழுக்கிச் செல்லும் சிறிய உலோக நாக்கு. ஸ்டீரியோ என்பதால் ஒரே தண்டில் இரண்டு. பல ஆண்டுத் தூசியும் அழுக்கும் படிந்தால் நாக்குக்கும் பாதைக்கும் இடையே தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி நமக்குக் கேட்கச் செய்கிறது.

பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். காத்திருந்து, மல்டிமீட்டரால் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். அதை மட்டும் சரியாகச் செய்தேன். அடுத்தது சறுக்கல். வீட்டில் கிடந்த பிசுக்கு நீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்துவிட்டேன். இரைச்சல் போனது, இரண்டே நாளில் திரும்பி வந்தது. அதுவரை இதமான கனத்தோடு சுழன்ற குமிழும் லொடலொடத்தது. தண்டில் இருந்த கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிட்டிருந்தேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று சிம் லிம் டவருக்குப் போனேன். உதிரிபாகக் கடை அங்கிள் நான் காட்டிய படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வழக்கமாக ஒரு வரிசையில் 3 கால்கள் இருக்கும், இதில் 4. குறைந்த ஒலியிலும் தாளத்தின் ‘தும்’ கேட்பதற்காக அக்கால ஆம்ப்ளிஃபயர்களில் ‘லௌட்னஸ்’ என்றொரு பொத்தான் இருக்கும். கூடுதல் கால் அதற்கானது. இப்போது கிடைப்பது அரிது. வேறு எதையாவது பொருத்தவும் முடியாது. ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடினால்தான் நம் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். அதற்கேற்ப, பாதித் தூரம் திருப்பினாலும் மின்தடையில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே கடக்கும்படி இவற்றைச் செய்திருப்பார்கள். சீராக ஏறும் சாதாரண வகையைப் போட்டால் தொட்டதுமே அலறும்.

அங்கிள் கொடுத்தது மசகு கலந்த கான்டாக்ட் கிளீனர். கால்களுக்கு அருகே உள்ள சிறு இடைவெளியில் இரண்டே பீய்ச்சல். பிறகு குமிழை இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு நாற்பது முறை திருப்பி, தண்டில் துளி கிரீஸ் வைத்து, ஓர் இரவு உலரவிட்டேன். இடப்பக்கம் உயிர் பெற்றது. ஆனால், மெல்லிய கரகரப்பு மட்டும் போகவில்லை.

இங்கேதான் பாடப்புத்தகம் கைகொடுத்தது. குமிழுக்கு இசைச் சைகை மட்டுமே வர வேண்டும், நேர் மின்னழுத்தம் வரக்கூடாது. அதைத் தடுப்பது முன்னால் உள்ள ஒரு சிறிய மின்தேக்கி. அது பழுதாகிக் கசிந்தால், எவ்வளவு துடைத்தாலும் குமிழ் இரையும். அளந்தேன். மீட்டர் பூச்சியம் காட்டவில்லை. மாற்றுவதற்கான மின்தேக்கி ஒரு வெள்ளிகூட ஆகவில்லை. பழையதைக் கழற்ற எனக்குத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது, கட்டைவிரலில் ஒரு கொப்புளமும் மிச்சம்.

அம்மா தம் பட்டியலில் முதல் வரியை அடித்துவிட்டார். தாத்தா இப்போதும் குமிழைத் திருப்பும்போது, முன்பு இரைச்சல் வந்த இடத்தை மட்டும் வெடுக்கென்று வேகமாகத் தாண்டிவிடுகிறார். “அது சரியாயிடுச்சு தாத்தா” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். கை கேட்கவில்லை.