சமையலறைக் கழிவிலிருந்து அடுப்பெரி வாயு: புனே கண்ட வழி

சாணத்திலிருந்து எரிவாயு பெறும் முறை நம் கிராமங்களுக்குப் புதிதன்று. ஆனால் ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதிய வாயு வேண்டுமாயின் மாடுகள் பல வேண்டும். மாடில்லாத நகரவாசிக்கு அம்முறையால் பயனில்லை.

1996-ஆம் ஆண்டில் புனேயில் நிறுவப்பட்ட 'ஆர்ட்டி' என்னும் கிராமத் தொழில்நுட்ப நிலையம் இதற்கு மாற்று வழி தேடிற்று. அதனை நிறுவிய தாவரவியல் அறிஞர் டாக்டர் ஆனந்த் கார்வேயின் எண்ணம் எளியது. சாணம் என்பது, மாடு தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டபின் விடும் எச்சம். மீதேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களோ மாட்டின் வயிற்றிலேயே வாழ்வன. அவற்றுக்கு எச்சத்தை ஊட்டுவதைவிட, எளிதில் செரிக்கும் மாவுப்பொருளை ஊட்டினால் என்ன? ஏறத்தாழ 40 கிலோ சாணம் பல வாரங்களில் தரும் வாயுவை, 2 கிலோ மாவுப்பொருள் ஓரிரு நாட்களில் தந்துவிடுவதாக அந்நிலையத்தார் கண்டனர். இம்முயற்சிக்கு 2006-இல் பிரிட்டனின் ஆஷ்டன் பரிசு கிடைத்தது.

சாதனமும் எளியதே. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றில், 750 லிட்டர் தொட்டி தலைகீழாகக் கவிழ்க்கப்படுகிறது. வாயு சேரச் சேர மேல்தொட்டி உயரும். செலவாகச் செலவாக இறங்கும். தொடக்கத்தில் மட்டும் சாணக் கரைசல் இட்டு நுண்ணுயிர்களைக் குடியேற்றவேண்டும். பின்னர் மீந்த சோறு, கெட்டுப்போன மாவு, பழக்கழிவு ஆகியவற்றை அரைத்து நீரில் கரைத்து நாள்தோறும் சிறிது சிறிதாக இட்டால் போதும். ஆசை மிகுந்து அளவுக்கு மேல் இட்டால் தொட்டியில் அமிலம் பெருகி, வாயு உற்பத்தி நின்றுவிடும். களப்பணியாளர் முதலில் எச்சரிக்கவேண்டியது இதனையே.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஏற்ற 'பயோ-இ3' கொள்கை, உயிரியல் முறையிலான உற்பத்தியை நாட்டில் வளர்க்க முற்படுகிறது. அதில் பெரும் ஆலைகளைப் பற்றியே பேச்சு அதிகம். எனினும் கழிவை மூலப்பொருளாகக் கொள்ளும் எந்த ஆலைக்கும், இச்சிறு தொட்டிக்கும், இன்றியமையாதது கலப்படமற்ற கழிவே. சோற்றோடு பிளாஸ்டிக் பையும் கண்ணாடித் துண்டும் கலந்துவந்தால் எந்த ஆராய்ச்சியும் பயன் தராது. வீட்டிலேயே ஈரக்கழிவைப் பிரிக்குமாறு 2016-ஆம் ஆண்டு விதிகள் பணித்தன. விதியை வாயிற்படிவரை கொண்டுசென்றவர்கள் வேறு சிலர். குப்பை பொறுக்கி வாழ்ந்தோர் அமைத்த 'ஸ்வச்' கூட்டுறவுச் சங்கம் 2008-இல் புனே மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, வீடுவீடாகச் சென்று பிரித்த கழிவைப் பெறும் பணியை ஏற்றது. இல்லத்தரசிக்கு எது ஈரம், எது உலர் என நாள்தோறும் எடுத்துரைப்பவர் இவர்களே. எந்தச் சுவரொட்டியும் இவர்களுக்கு ஈடாகாது.

பள்ளியில் இதனை விளக்க ஒரு பிளாஸ்டிக் புட்டி போதும். சிறிது சாணக் கரைசலும் சோற்றுக் கஞ்சியும் இட்டு, வாயில் பலூனைக் கட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்கலாம். பலூன் மெல்ல உப்பும். முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது. மீதேன் உண்டாகப் பல நாட்கள் செல்லும். அது காற்றுடன் கலந்தால் வெடிக்கக்கூடுமாதலால், வகுப்பறையில் அதனைப் பற்றவைத்துப் பார்க்கலாகாது.