நாவலுக்கு ஒன்று, கிளைக்கதைக்கு வேறொன்று

"கதை எழுத எந்த ஏஐ நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எழுதப்போவது நாவலா, வாசகர் தேர்வுக்கேற்பப் பிரியும் கேம் கதையா? அதை முதலில் முடிவு பண்ணணும். இரண்டிலும் மென்பொருள் தடுமாறும் இடம் வேறு.

நாவலில் பிரச்சினை ஞாபகம். மொழி மாதிரி ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் கையை இழந்தவர் இருபதாம் அத்தியாயத்தில் இரண்டு கையாலும் கும்பிடுவார். இதற்காகத்தான் சூடோரைட்டில் 'ஸ்டோரி பைபிள்', நாவல்ஏஐயில் 'லோர்புக்' என்று தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். லோர்புக்கில் ஒவ்வொரு குறிப்புக்கும் சாவிச்சொல் கொடுக்கணும். அந்தச் சொல் கதையில் வந்தால் குறிப்பு மாதிரியின் பார்வைக்குப் போகும்.

தமிழுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கு. சொல்லை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவியில் 'குளம்' என்று கொடுத்தால் 'குளத்தில்' சிக்காது. உருபேறிய வடிவங்களையும் சேர்த்தே கொடுக்கணும். அடுத்தது டோக்கன் கணக்கு. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணத்தில், 116 டோக்கன் பிடித்த தமிழ் வாசகம் புதிய முறையில் 35 ஆனது. அதாவது, மாதிரியைப் பொறுத்து அதே தமிழ்ப் பக்கம் மூன்று மடங்கு இடத்தை அடைக்கலாம். விளம்பரத்தில் சொல்லும் அளவை அப்படியே நம்பக்கூடாது.

கிளைக்கதையில் பிரச்சினை கணக்கு. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி, கிளைகள் எங்கும் சேராது என்று வைத்தால், பத்தே தேர்வில் 1024 முடிவுகள். யாராலும் எழுதி முடிக்க முடியாது. அதனால் கிளைகளை மறுபடி ஒன்று சேர்த்து, நடந்ததை மாறிகளில் குறித்து வைப்பார்கள். 2009-இல் கிறிஸ் க்ளிமாஸ் உருவாக்கிய ட்வைன், '80 டேஸ்' விளையாட்டின் இங்க் மொழி, ரென்பை எல்லாமே இந்த வேலைக்குத்தான். இவற்றை இயக்குவது ஏஐ இல்லை. மூன்றும் இலவசம்.

2019-இல் ஜிபிடி-2 கொண்டு வந்த ஏஐ டஞ்சன் எதிர்த்திசையில் போனது. கிளையே வேண்டாம், எதை வேணும்னாலும் டைப் பண்ணலாம். சுதந்திரம் பெரிசு. ஆனா ஆற்றில் எறிந்த சாவி பத்து நிமிஷம் கழித்து மறுபடி கையில் இருக்கும். அப்போ ஆடுகிறவர் செய்த தேர்வுக்கு என்ன அர்த்தம்? கிளைக்கதையின் உயிரே 'நீ செய்தது செய்ததுதான்' என்பதில் இருக்கு.

ஆகவே என் பரிந்துரை: சாவி இருக்கா இல்லையா என்பதை இங்க் அல்லது ட்வைன் வைத்துக்கொள்ளட்டும். ஒரு காட்சிக்கு நாலு விதமான வரைவு கேட்க மட்டும் ஏஐ போதும். படித்துத் திருத்தியது மட்டுமே விளையாட்டுக்குள் போகணும்.

பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. உங்கள் சொந்த அத்தியாயம் ஒன்றைக் கொடுத்து, அதில் உள்ள ஐந்து விவரங்களைக் கேளுங்கள்.
2. மொத்தத்தையும் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடியுதா?
3. உங்கள் எழுத்தைப் பயிற்சிக்கு எடுப்பார்களா? விதிமுறையில் தேடுங்கள்.
4. எங்கே வெளியிடப் போகிறீர்கள்? ஏஐ உருவாக்கிய பகுதி இருந்தால் தெரிவிக்கச் சொல்லி 2023 செப்டம்பரில் கிண்டிலும், 2024 ஜனவரியில் ஸ்டீமும் விதி கொண்டு வந்தன. எந்தப் பத்தி யாருடையது என்று முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள். பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.