திருமணி ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீர்கள்

1947இல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து செங்கல்பட்டை அடுத்த திருமணிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அங்கிருந்த தொழுநோயாளி ஒருவரின் மடங்கிப்போன கையைப் பிடித்துக் குலுக்கினார். பயனற்றுப் போனதென்று நினைத்த அந்தக் கை, டாக்டரே வலி தாங்காத அளவுக்கு அவர் விரல்களை இறுக்கியது. அப்படி இறுக்குவது நோயாளிக்கே தெரியவில்லை. உணர்ச்சிதான் போயிருந்தது, வலுவான தசைகள் இன்னும் மிச்சமிருந்தன. நல்ல தசையின் நாணை இடம்மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் பிறகு வேலூரில் வளர்த்தெடுத்தார்.

லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமாக இருந்த அந்த இடத்தை 1955இல் மத்திய அரசு ஏற்றது. மத்திய தொழுநோய் போதனை, ஆராய்ச்சி நிறுவனமாக இன்றும் அது இயங்குகிறது. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றிய காலம், டாப்சோன் காலம், கூட்டு மருந்து காலம் என்று மூன்றையும் பார்த்த வளாகம். ஆனாலும் அதன் பெயரே பலரை விரட்டுகிறது. ‘அங்கே போனால் ஊர் என்ன சொல்லும்?’ என்ற பயத்தில் நோயை மறைத்தவர்கள், விரல் மடங்கிய பிறகே வந்து சேர்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு இருக்கும் நல்ல பெயரை நோய்க்கு இருக்கும் கெட்ட பெயர் தின்றுவிடுவது பெரிய அநியாயம்.

சிகிச்சை 6 மாதம் அல்லது 12 மாதம். அதைப் பாதியில் நிறுத்தத் தூண்டுவது பெரும்பாலும் சொல்லாமல் விட்ட விஷயங்கள்தான். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் சிவக்கும். க்ளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். மருந்து முடிந்தபின் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல மறையும். நடுவில் திடீரென்று படைகள் சிவந்து வீங்கலாம், நரம்பு வலிக்கலாம். நோயாளி ‘மருந்து ஒத்துக்கலை’ என்று நினைத்து ஒதுங்கிவிடுவார். உண்மையில் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டிய அவசரம் அது; தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகக் கெடும். முதல் நாளே இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லும் நர்ஸும், கூசாமல் தொட்டுப் பார்க்கும் டாக்டரும் இருந்தால் நோயாளி அடுத்த மாதமும் வருவார். கட்டடத்தின் பளபளப்பைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களில் இன்னொரு சிக்கல். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் உழைக்கும் உடம்பில் தொழுநோயின் வெளுத்த படையைத் தேமல் என்று விட்டுவிடுவது எளிது. பாதம் மரத்துப்போனவருக்குச் சுடுமணலோ கிளிஞ்சலோ உறைக்காது. புண் வந்த பிறகே தெரியும். அவர்களுக்கு மாத்திரையோடு மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பும், தினமும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

ஊருக்குப் பயந்து நோயை மறைக்க வேண்டாம். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க 2019 முதல் சட்டத்தில் இடமில்லை. முறையாக மருந்து தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவதும் விரைவிலேயே நின்றுவிடும். தொட்டால் உணர்ச்சி தெரியாத படை உங்கள் உடம்பிலோ வீட்டில் யாருக்கோ இருந்தால், இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம்.