ஒற்றைச் சக்கர சைக்கிள்: ஆசனம் எவ்வளவு உயரம்?

ஒரே ஒரு சக்கரம். இரண்டு பெடல்கள். மேலே ஓர் ஆசனம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது!

சர்க்கஸ் கூடாரத்தில் பார்த்துக் கைதட்டும் இந்த வண்டியை, ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். 1989-ம் ஆண்டு அந்நாட்டின் ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளும் இடம் பெற்றது. பல பள்ளிகள் இந்த வண்டிகளை வாங்கி வைத்தன.

பள்ளி வண்டி எல்லோருக்கும் பொது. குட்டையான ஒரு சிறுவன் ஓட்டிவிட்டு இறங்குவான். அடுத்து, உயரமான ஒரு சிறுமி ஏறுவாள். விழுவாள். மீண்டும் ஏறுவாள். மீண்டும் விழுவாள். "எனக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடுவாள்.

குற்றம் அவளுடையதுதானா? ஆசனத்தைப் பாருங்கள். அது அந்தச் சிறுவனின் காலுக்கு ஏற்ற உயரத்தில் இருக்கிறது!

தாழ்ந்தாலும் தொல்லை

புதிதாகப் பழகுவோர் ஆசனத்தைத் தாழ்த்தி வைக்கவே விரும்புவார்கள். விழுந்தால் அடிபடாது என்ற எண்ணம். அது தவறு. ஆசனம் தாழ்ந்தால் முழங்கால் மடங்கியே இருக்கும். உடல் பாரம் ஆசனத்தில் இறங்காமல் கால்களில் இறங்கும். சக்கரம் சீராக ஓடாது. தொடை சீக்கிரம் வலிக்கும்.

மிகவும் உயர்த்தினாலும் தொல்லைதான். கீழே போகும் பெடலுக்குக் கால் எட்டாது. இடுப்பு இரு பக்கமும் ஆடும். நிலை தவறும்.

அளப்பது எப்படி?

சுவரைப் பிடித்துக்கொண்டு ஆசனத்தில் உட்கார வேண்டும். ஒரு பெடலை நேர் கீழே கொண்டுவர வேண்டும். அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்க வேண்டும். அதுதான் சரியான உயரம்.

வண்டி மாறினால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு வண்டியில் தரையிலிருந்து ஆசனம் வரை அளந்து, அதே அளவை மற்றொரு வண்டியில் வைக்கிறார்கள்.

20 அங்குலச் சக்கரத்தின் அச்சு, தரையிலிருந்து சுமார் 10 அங்குல உயரத்தில் இருக்கும். நெடுந்தூரம் செல்வோர் ஓட்டும் 36 அங்குலச் சக்கரத்தில், அச்சு சுமார் 18 அங்குல உயரத்தில் இருக்கும். பெடல் தண்டுகள் ஒரே நீளமானால், பெரிய வண்டியின் ஆசனம் 8 அங்குலம் கூடுதல் உயரத்தில் இருக்க வேண்டும்.

பெடல் தண்டு 1 அங்குலம் நீண்டால், பெடல் 1 அங்குலம் கீழே போகும். ஆசனத்தையும் 1 அங்குலம் இறக்க வேண்டும்.

ஆகவே, பெடலிலிருந்து அளக்க வேண்டும். தரையிலிருந்து அல்ல!

கரடுமுரடான மலைப் பாதையில் ஓட்டுவோர் மட்டும் ஆசனத்தை வேண்டுமென்றே சற்றுத் தாழ்த்துவார்கள். எழுந்து நின்று குதிக்க இடம் வேண்டுமே!

100 அடி உயரத்தில்

1980-ம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், ஸ்டீவ் மெக்பீக் என்பவர் 101 அடி 9 அங்குல உயரமுள்ள ஒற்றைச் சக்கர சைக்கிளை ஓட்டினார். சக்கரம் தரையில், பெடல் உச்சியில். அங்கேயும் பெடலுக்கும் ஆசனத்துக்கும் நடுவே இருந்த தூரம், ஒரு மனிதனின் கால் நீளந்தான்!

ஒதுங்கி நிற்கும் அந்தச் சிறுமிக்கும் அதுதான் தேவை. ஆசனத்தை அவள் காலுக்கு ஏற்றபடி உயர்த்தித் திருகை முடுக்கினால் போதும். மீதியைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும். "வராது" என்று பிள்ளை சொன்னால், பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் ஆசனத்தை அளந்து பார்க்க வேண்டும்.